ஸ்டேஜ் வழுக்கவில்லை

காலை ஏழு மணிக்கெல்லாம் காந்திமதி தன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். அந்த அறையில் விளக்கைப் போடுகிறவளும் அவள்தான். ஆக்லாந்தில் ஜூன் குளிர்காலம், அந்நேரம் வெளியே விடிந்திருக்காது. பக்குரங்காவிலிருந்து வரும் பஸ்ஸின் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, எந்த நிறுத்தம் என்று கையால் துடைத்துப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். நனைந்த கோட்டை மாட்டிவிட்டு, கழுத்தில் கோடாரித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, மைக்ரோஸ்கோப்பின் உறையை எடுப்பாள்.

முதல் பத்து நிமிஷம் அதற்கே போய்விடும். மதிய ஷிப்டில் உட்காருகிற பெண்ணுக்குக் கண்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். அவள் விரித்துவைத்துப் போன இரண்டு கண்குழாய்களையும் தன் கண்களுக்கு ஏற்ப நெருக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகச் சேரும்வரை நகர்த்துவாள். பிறகு கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை உயர்த்தி, வெளிச்சத்தை நடுவில் நிறுத்தி, கண்ணைக் குத்தாத அளவுக்கு அதைச் சுருக்குவாள். அதற்குப் பிறகுதான் முதல் தட்டு.

தட்டுக்கு இருபது கண்ணாடி ஸ்லைடுகள். ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு காசு அளவு வட்டத்தில், எவளோ ஒருத்தியின் கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்கள், நீலமும் ஆரஞ்சுமாகச் சாயம் ஏறிக் கிடக்கும். புல்வெட்டுகிறவன் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் போய், கொஞ்சம் தள்ளித் திரும்பி வருவதுபோல, பத்து மடங்கு லென்ஸில் அந்த வட்டத்தை வரிசை வரிசையாகப் பார்த்துவர வேண்டும். வலது கை, கண்ணாடியைத் தாங்கும் ஸ்டேஜை நகர்த்தும் குமிழிலேயே இருக்கும். இடது கை, சின்னத் திருகில். எங்காவது உறுத்தினால் நாற்பது லென்ஸைத் திருப்பி நெருங்கிப் பார்த்து, பேனாவால் கண்ணாடியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். உறுத்தாவிட்டால் நெகட்டிவ் என்று பதிந்துவிட்டு அடுத்தது. ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது. மலேசியாவில் ஈப்போ ஆஸ்பத்திரியில் செய்த ஒன்பது வருஷத்தைத் தள்ளிவிட்டு, ஆக்லாந்தில் மட்டும் பதினெட்டு வருஷம். இத்தனை பெண்களில் ஒருத்தியின் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

அன்று இரண்டாவது தட்டை முடிக்கும்போது அபர்ணா வந்து பக்கத்தில் நின்றாள். கோயம்புத்தூர்க்காரி, காந்திமதியைவிடப் பதினைந்து வயது சின்னவள், அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாளி.

"அக்கா, கொஞ்சம் ரெண்டு தலை மைக்ரோஸ்கோப்புக்கு வர்றீங்களா?"

அது மூலையில் தனியாக இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கண்ணாடியைப் பார்க்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அதைத்தான் பயன்படுத்துவார்கள். பச்சை அம்பு ஒன்று வட்டத்துக்குள் வந்து, இதைப் பார், அதைப் பார் என்று காட்டும்.

"இதுல அஞ்சு ஸ்லைடு இருக்குங்க்கா. பேரு, தேதி எல்லாம் மறைச்சிருக்கு. நீங்க என்ன சொல்லுவீங்களோ அத எழுதுங்க."

காந்திமதி பார்த்தாள். முதலிரண்டும் சாதாரணம். மூன்றாவதில் ஐந்தாம் வரிசையில் கை தானாக நின்றது. எட்டுப் பத்து செல்கள் கும்பலாக, உட்கரு கறுத்துப் பெருத்து, விளிம்பெல்லாம் சுருங்கிப்போயிருந்தன. நாற்பதைத் திருப்பிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. புற்றாக மாறக்கூடிய செல்கள். தாளில் 'ஹை கிரேட்' என்று எழுதினாள். நான்கும் ஐந்தும் சாதாரணம்.

அபர்ணா தாளை வாங்கிப் படித்தாள். தன் கையிலிருந்த இன்னொரு தாளைத் திருப்பி மேசையில் வைத்தாள்.

"மூணாவது, ரெண்டாயிரத்துப் பதினொண்ணு செப்டம்பர் ஸ்லைடு. அன்னைக்கு நெகட்டிவ்னு போயிருக்கு. இந்த வருஷம் அந்தம்மாவுக்குக் கேன்சர்னு வந்திருக்கு. அதான் பழசெல்லாம் எடுத்துப் பார்க்குறோம்."

"யாரு பார்த்தா?"

அபர்ணா தாளைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள். கீழே இருந்த இரண்டெழுத்துக் கையொப்பம் காந்திமதியுடையது.

பச்சை அம்பு இன்னும் வட்டத்துக்குள்ளேயே நின்றது. காந்திமதி மறுபடி குனிந்து பார்த்தாள். செல்கள் அப்படியே இருந்தன. எத்தனை தரம் பார்த்தாலும் அது ஹை கிரேட்தான்.

"ரெண்டாவது ஆளு பார்த்திருப்பாங்களே?"

"பார்த்தாங்க. ஆனா அது ஒரு நிமிஷப் பார்வைதானுங்க்கா. அவங்களும் ஆஸ்திரேலியா போயிட்டாங்க. முழுசா பார்த்தது நீங்க." அபர்ணா நாற்காலியை இழுத்து நெருங்கினாள். அவள் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம் கிடந்தது. "நான் பழைய சர்வீஸ் புத்தகத்த எடுத்துப் பார்த்தேன். உங்க மைக்ரோஸ்கோப்புல ஸ்டேஜ் வழுக்குதுன்னு நீங்களே ஜூலைல எழுதியிருக்கீங்க. வரிசை மாறும்போது தாண்டிப் போகுதுன்னு. ஆகஸ்ட்ல சர்வீஸுக்கு வர்ற குலசிங்கம் சார் சரி பண்ணியிருக்காரு. திரும்ப நவம்பர்ல ஸ்டேஜ் இறுக்கம்னு ஒரு குறிப்பு இருக்கு. அப்ப நடுவுல, செப்டம்பர்ல, மறுபடி வழுக்கியிருக்கலாம் இல்லீங்களா? அந்த இடத்தையே தாண்டிப் போயிருக்கலாம்."

"வழுக்கியிருந்தா எழுதியிருப்பேனே."

"அக்கா, திங்கக்கிழமை உங்க விளக்கத்த நான் மேல அனுப்பணும். யோசிச்சு எழுதுங்க. மெஷின் கோளாறுன்னா ஒரு மாதிரி போகும். ஆள் தப்புன்னா வேற மாதிரி போகும். உங்க லைசென்ஸ் இருக்கு. ஐம்பத்திநாலு வயசுல வேற எங்க போவீங்க?"

மிரட்டுவதற்காக அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆட்கள் குறைந்த பிரிவில் இன்னோர் ஆளையும் இழக்க அவளால் முடியாது. காந்திமதிக்கும் அது தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கங்கோங் கீரையை அலசினாள். சார்டின் டப்பாவை உடைத்துக் கறி வைத்தாள். அரிசி களைந்தாளா என்று சந்தேகம் வந்து குக்கரைத் திறந்து பார்த்தாள். களைந்துதான் போட்டிருந்தாள். கணவன் முருகையா பென்ரோஸில் டயர் கிடங்கிலிருந்து வந்து, முதுகுப் பட்டையை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். மகள் விஷாலினி லேப்டாப்போடு வந்து மறு பக்கம் உட்கார்ந்தாள். சாப்பாட்டு மேசையில்தான் காந்திமதி விஷயத்தைச் சொன்னாள்.

முருகையா மீனைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "அபர்ணா சொல்றது சரிதான் லா. மெஷின்னா பழுதாகத்தான் செய்யும். எழுதிட்டுப் போ."

"எழுதினா குலசிங்கண்ணன மாத்திடுவாங்க. ஏற்கனவே ஒரு பெரிய கம்பெனிக்காரன் வந்து வந்து பார்க்குறான். அண்ணனுக்கு நம்ம லேப்தான் பெரிய வேல. மிச்சமெல்லாம் பள்ளிக்கூடம்."

"அவரு சரியா செய்யலைன்னா?"

"செஞ்சாருன்னா?"

"உனக்குத் தெரியுமா? மூணு வருஷமாச்சு. உனக்கே ஞாபகமில்ல. அப்புறம் எப்படி வழுக்கலன்னு அடிச்சு சொல்ற?" அவன் குரல் உயர்ந்தது. பிறகு தானே தணிந்தது. "நான் வாரத்துக்கு மூணு நாளுதான் நிக்க முடியுது, மதி. உனக்கும் இல்லன்னா நாம என்ன பண்றது? இத்தன வருஷம் கழுத்து ஒடியப் பார்த்தியே, யாராவது ஒரு நாளு உன்னக் கேட்டாங்களா? ஒண்ணு விட்டுப்போனதும் கேக்குறாங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை.

விஷாலினி லேப்டாப்பை மூடினாள். "இஸ் ஷீ அலைவ், அம்மா?"

"யாரு?"

"தி வுமன். அந்த ஸ்லைடு."

காந்திமதி கரண்டியைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து ஸ்டேஜ், லைசென்ஸ், குலசிங்கம், திங்கட்கிழமை என்று எல்லாவற்றையும் நினைத்தவளுக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

"கேக்கலம்மா," என்றாள்.

சனிக்கிழமை முருகையாவுக்கு அரை நாள் ஷிப்ட். அவனோடு காரில் ஏறி அவளும் பென்ரோஸ் போனாள். மழை விடாமல் பெய்தது. லாரிகள் சேற்றுத் தண்ணீரைக் கண்ணாடியில் வீசிவிட்டுப் போயின. கார்களுக்கு வண்ணம் அடிக்கிற ஒரு கடைக்குப் பின்னால் குலசிங்கத்தின் பட்டறை இருந்தது. உள்ளே போனதும் பெயின்ட் நெடியும் ஸ்பிரிட் நெடியும் கலந்து அடித்தன.

"வாங்கோ தங்கச்சி! இந்த மழைக்குள்ள என்னத்துக்கு வந்தனீங்கள்? ஒரு போன் எடுத்திருக்கலாமே." குலசிங்கம் அறுபதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக்காரர். ஹீட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "தேத்தண்ணி குடிப்பீங்கள்தானே?"

நீளமான மேசை முழுக்க மைக்ரோஸ்கோப்புகள். ஒற்றைக் கண்குழாயும் அடியில் கண்ணாடியும் கொண்ட பள்ளிக்கூடத்து மைக்ரோஸ்கோப்புகள் இருபதுக்கு மேல் வரிசையாக நின்றன. பூவையும் பூச்சியையும் அப்படியே வைத்துப் பார்க்கிற ஸ்டீரியோ வகை நாலைந்து. சுவரோரம் லென்ஸெல்லாம் கீழேயும் விளக்கு மேலேயுமாகத் தலைகீழாக ஒன்று. குடுவைக்குள் உயிரோடு வளரும் செல்களை அடியிலிருந்து பார்க்க, பல்கலைக்கழகத்துக்காரர்கள் வைத்திருப்பது.

"பாருங்கோ, இவ்வளவும் ஒரே பள்ளிக்கூடம்," என்றார் தேநீரைக் கொடுத்துக்கொண்டே. "பெரிய லென்ஸைப் போட்டுக்கொண்டு பெரிய திருகைத் திருப்பினா அது போய்க் கண்ணாடியில இடிக்குமெண்டு ரீச்சர்மார் சொல்லித்தான் குடுக்கினம். பிள்ளையள் கேக்குதுகளே? ஒவ்வொரு தவணையும் இதுதான் கதை."

காந்திமதி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள். அபர்ணா சொன்னதையும் மறைக்கவில்லை. அவள் முடித்ததும் குலசிங்கம் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு போய், அலமாரியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து வந்து பக்கம் புரட்டினார்.

"ஆகஸ்ட் பதினேழு. பல்லுத் தண்டு மாத்தினனான். நவம்பர்ல கிறீஸ் காய்ஞ்சு இறுகிப்போச்சு, அதைத் துடைச்சுப் புதுசு போட்டனான். வழுக்கினதெண்டு இல்லை." கொப்பியை மூடினார். "ஆனா தங்கச்சி, இடையில ஒரு நாளும் வழுக்கேல்லையெண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். இரும்புச் சாமான். நீங்கள் வழுக்கினதெண்டு எழுதினா, நான் எதிர்த்துக் கதைக்கவும் போறேல்லை."

"ஏன் எதிர்க்க மாட்டீங்க? உங்க பேரு கெடுமே, அண்ணே."

"ஆரோட நிண்டு சண்டை பிடிக்கிறது? களைச்சுப் போனன் தங்கச்சி. சண்டை பிடிக்கிறதெல்லாம் அங்கயே முடிஞ்சுது."

அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. தேநீரைக் கீழே வைத்தாள்.

"நம்ம மாடல் இங்க இருக்கா?"

"பழசு ஒண்டு கிடக்கு. உதிரிக்கு வச்சிருக்கிறன்."

"அதுல ஸ்டேஜ் வழுக்குற மாதிரி செய்ய முடியுமா? நான் பார்க்கணும்."

குலசிங்கம் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு அதைத் தூக்கி வந்து மேசையில் வைத்து, ஸ்டேஜுக்கு அடியில் ஒரு திருகாணியைத் தளர்த்தினார். காந்திமதி கண்குழாயில் குனியாமல், வலது கையை மட்டும் குமிழில் வைத்து உருட்டினாள்.

"தாண்டுது," என்றாள் உடனே.

"அது கால் மில்லிமீற்றர். ஆரும் பிடிச்சிடுவினம்." அவர் திருகாணியைக் கொஞ்சம் இறுக்கினார். "இப்ப?"

உருட்டினாள். "இருக்கு. திரும்பி வரும்போது."

இன்னும் இறுக்கினார். இந்த முறை அவள் கண்களை மூடிக்கொண்டாள். போனாள், வந்தாள், மறுபடி போனாள். மழை தகரக் கூரையில் இரைந்தது.

"இருக்கு அண்ணே. ரொம்பக் கொஞ்சம். ஒரு நடுக்கம் மாதிரி."

குலசிங்கம் அளக்கும் கருவியை ஸ்டேஜில் பொருத்திப் பார்த்தார். முள் அசைந்ததைப் பார்க்க மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. "மெய்தான். மில்லிமீற்றரில பத்திலொரு பங்குகூட இல்லை. எனக்கு இந்த டயல் வேணும் இதைக் கண்டுபிடிக்க."

காந்திமதி கையை எடுத்துவிட்டாள். பதினெட்டு வருஷமாகக் குமிழைப் பிடித்த விரல்கள் பொய் சொல்லவில்லை. ஜூலையில் வழுக்கியபோது, யாரும் சொல்லாமல் முதல் நாளே அவள்தான் எழுதிப்போட்டாள். செப்டம்பரில் வழுக்கியிருந்தால் அந்த நிமிஷமே கைக்குத் தெரிந்திருக்கும். அப்படியென்றால் அந்த எட்டுப் பத்து செல்களும் அவள் கண்ணுக்கு முன்னால்தான் வந்து போயிருக்கின்றன. கண் திறந்துதான் இருந்திருக்கும். பார்த்துக்கொண்டேதான் விட்டிருக்கிறாள்.

"என்ன எழுதப் போறீங்கள்?" என்று குலசிங்கம் கேட்டார்.

"நடந்தத எழுதுறேன்."

அவர் அந்தத் திருகாணியை முழுக்க இறுக்கிவிட்டு, மைக்ரோஸ்கோப்பை இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார். முருகையாவின் கார் வந்து நின்றபோது குடை பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார்.

பக்குரங்கா பாலத்தில் வண்டிகள் தேங்கி நின்றபோது முருகையா கேட்டான்.

"மெஷின் இல்லையா?"

"இல்லங்க."

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தான். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்ததும் நிமிர்ந்து வண்டியை நகர்த்தினான். "சரி. பசியாறினியா நீ? காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல," என்று மட்டும் கேட்டான்.

திங்கட்கிழமை அவள் எழுதுமுன் பழைய தினப் பதிவுத் தாள்களைக் கேட்டு வாங்கினாள். ரக்பி உலகக் கோப்பை நடந்த செப்டம்பர் அது. நகரமே கொடியும் கூச்சலுமாக இருந்தது. பிரிவில் இரண்டு பேர் லீவில் இருந்தார்கள். அந்த நாளின் தாளில் அவள் பெயருக்கு நேரே எழுபத்தொன்று என்று இருந்தது. ஸ்லைடு எந்த வரிசையில் என்று விரலால் எண்ணிப் பார்த்தாள்.

அவள் எழுதிக்கொடுத்ததில் நான்கே வரிகள். ஸ்டேஜ் வழுக்கவில்லை. ஸ்லைடை முழுவதும் பார்த்தது நான்தான், அந்தச் செல்களை நான் தவறவிட்டேன். அன்று அறுபதுக்கு மேல் பார்க்கக்கூடாது என்ற விதியை மீறி எழுபத்தொரு ஸ்லைடுகள் எனக்குத் தரப்பட்டன, நானும் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். இது அறுபத்தாறாவது.

அபர்ணா இரண்டு முறை படித்தாள். "மூணாவது வரி வேணுமாக்கா? இத எழுதினா எல்லாத்தையும் தோண்டுவாங்க. அன்னைக்குப் பங்கு போட்டுக் கொடுத்தவங்க இப்ப மேல இருக்காங்க. என்னையும் கேப்பாங்க."

"கேக்கட்டும். அதுவும் நடந்ததுதான்மா."

"உங்களக் காப்பாத்தத்தான் பார்த்தேன்."

"தெரியும்." காந்திமதி எழுந்தாள். எழுந்தவள் நின்றாள். "அந்தப் பொண்ணு இருக்கா?"

அபர்ணா தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "இருக்காங்க. ஆபரேஷன் ஆயிருச்சு. கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. முப்பத்தஞ்சு வயசு."

"பிள்ள?"

"இல்லீங்க்கா."

அதன் பிறகு மூன்று வாரம் அவளை மைக்ரோஸ்கோப்பில் உட்காரவிடவில்லை. புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினாள். பிறகு உட்காரவிட்டார்கள். ஆனால் ஆறு மாதம் அவள் பார்க்கிற ஒவ்வொரு ஸ்லைடையும் இன்னொருவர் முழுவதுமாகப் பார்ப்பார். அவள் கையெழுத்து மட்டும் செல்லாது. லைசென்ஸ் விஷயம் அடுத்த வருஷம்தான் முடிவாகும் என்றார்கள். அந்தப் பிரிவில் ஒரு நாளைக்கு எத்தனை ஸ்லைடு என்று யார் யாரோ வந்து தாள்களைப் புரட்டிவிட்டுப் போனார்கள். சிலர் அவளோடு தேநீர் குடிக்க வருவதை நிறுத்தினார்கள். அபர்ணா முன்போலவே பேசினாள், ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டார். அந்தப் பெண் தன் ஸ்லைடைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாளாம். "நானே காட்டிவிடுகிறேன். நீங்கள் வர வேண்டிய அவசியமே இல்லை, சட்டப்படியும் இல்லை," என்றார்.

"நான் வர்றேன்," என்றாள் காந்திமதி.

அந்தப் பெண் ஒரு தொளதொளத்த பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாம். உட்காரும்போது வயிற்றில் கை வைத்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். டாக்டர் அறிமுகப்படுத்த வாயெடுக்குமுன் காந்திமதியே சொல்லிவிட்டாள். "உங்க ஸ்லைடப் பார்த்தது நான்தான். நான்தான் விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க." அவளுடைய ஆங்கிலம் அன்று மூன்று சிறிய வாக்கியங்களுக்கு மேல் போகவில்லை.

அந்தப் பெண் தலையாட்டினாள். அது மன்னிப்பு அல்ல, கேட்டுக்கொண்டேன் என்பதுதான்.

"எப்படிப் பார்க்கணும்?"

காந்திமதி சுற்றிவந்து அவள் பக்கத்தில் நின்று, கண்குழாய்களைப் பிடித்து நகர்த்தினாள். "ரெண்டு வட்டம் தெரியும். ஒண்ணாகும்போது சொல்லுங்க."

"ஆகல... ஆகல... இப்ப ஆச்சு."

எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்து, காந்திமதி அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். பக்கத்தில் சாதாரண செல்கள் எப்படி இருக்கும் என்று கேட்டாள். காந்திமதி நகர்த்திக் காட்டினாள். மறுபடி இதைக் காட்டச் சொன்னாள். காட்டினாள். டாக்டர் ஏதோ விளக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

"எனக்கு வித்தியாசமே தெரியல," என்றாள் கண்ணை எடுக்காமல். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

காந்திமதி அம்பை மறுபடி அந்தக் கும்பலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"ஆமா," என்றாள் காந்திமதி.

அந்தப் பெண் நிமிர்ந்து, கண்ணோரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். "நான் புகார் கொடுக்கப் போறேன். அது உங்களுக்கு முன்னாடியே தெரியணும்னு நினைச்சேன். வெறும் 'லேப்'னு எழுத எனக்குப் பிடிக்கல. எனக்கு வந்த எல்லாக் கடிதத்திலயும் நான் ஒரு நம்பராத்தான் இருந்தேன். உங்க பேரு என்ன?"

டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "அதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது. அலுவலகம் வழியாக..."

"காந்திமதி," என்றாள் காந்திமதி.

"மெதுவா சொல்லுங்க."

"காந்தி. மதி."

அந்தப் பெண் வகுப்புப் பலகையில் எழுதுவதுபோல ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழுதி, நோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். காந்திமதி குனிந்து, முதல் எழுத்திலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டு போனாள்.

"ரெண்டு இடத்துல ஹெச் விட்டுப்போச்சு," என்றாள். "டிக்கு அப்புறம் ஒண்ணு. கடைசி ஐ-க்கு முன்னாடி ஒண்ணு."

அந்தப் பெண் அடித்துவிட்டு மறுபடி எழுதிக் காட்டினாள். இந்த முறை சரியாக இருந்தது.